கணப்புக்குள் ஓர் இரும்புப் பெட்டி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை, கூடம் முழுக்கக் காரைத் தூசியும் கரியுமாகக் கிடந்தது, உட்கார்ந்து எழுத ஒரு மேசை மிஞ்சவில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். மாடிப்படியோடு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விளையாடாதே.

"அழகான கணப்பை எதற்கடா இரும்புப் பெட்டி வைத்து அடைத்தாய்?" என்று கேட்டிருக்கிறாய். திறந்த கணப்பு கண்ணுக்குத்தான் சூடு. எதிரே உட்கார்ந்தால் முகம் காயும், முதுகு விறைக்கும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் அறைக்கு, மீதியெல்லாம் வானத்துக்கு. போகிறது சும்மா போகாது, அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் கதவிடுக்கிலும் குளிர்காற்று நுழையும். இங்கே தீ எரிய எரிய, எங்கள் பின்னறை குளிர்ந்துகொண்டே போனதன் மர்மம் இதுதான். பெஞ்சமின் பிராங்க்ளின் இதே குறையைச் சொல்லித்தான் 1740களில் ஓர் இரும்புக் கணப்பைச் செய்தார். நான் ஏறக்குறைய 280 வருஷம் தாமதம், அவ்வளவே.

இந்தப் பெட்டிக்கு இன்செர்ட் என்று பெயர், ஒன்றும் பெரிய மாயமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி. பழைய செங்கல் கணப்பின் வாய்க்குள் அப்படியே தள்ளிவிடுவார்கள். உள்ளே போகும் காற்றை ஒரு பிடியால் கூட்டலாம், குறைக்கலாம். பெட்டியின் மேற்பகுதியில் துளையிட்ட குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே சூடான காற்று வந்து, புகையாகத் தப்பிக்கப் பார்க்கும் வாயுக்களையும் எரித்துவிடும். அதனால் 70 சதவீதச் சூடாவது வீட்டிலேயே தங்குகிறது. சூட்டை முன்னால் தள்ள ஒரு ஃபேனும் உண்டு. அதன் இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை, பாதி நாள் அணைத்தே வைத்திருக்கிறேன்.

எந்தப் பெட்டி வாங்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். உண்மையான வேலை புகைபோக்கியில்தான் இருந்தது. முதலில் வந்து பார்த்தவர், பெட்டியை வைத்துப் புகையைப் பழைய புகைபோக்கியில் விட்டால் போதும் என்றார். நல்லவேளை, தலையாட்டவில்லை. யோசித்துப் பார்: பெட்டியின் புகைவாய் 6 அங்குலம். பழைய புகைபோக்கியிலோ ஒரு பூனை தாராளமாக ஏறி இறங்கலாம். அந்த அகலத்தில் புகை மெதுவாக ஏறும், ஆறும், சுவரில் கிரியோசோட்டாகப் படியும். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆகவே பெட்டியிலிருந்து உச்சிவரை புகைபோக்கிக்குள்ளே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், லைனர் என்பார்கள், போட்டோம், அதைச் சுற்றிச் சூடு தாங்கும் போர்வை. கூரைமேல் இருவர் நின்று அந்த நெளிகுழாயை இறக்க, நான் கணப்புக்குள் தலையை விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். புகைவழியைத் திறந்து மூடும் பழைய டாம்பர் தகட்டில் சிக்கி அரை மணி நேரம் அசையவில்லை. தகட்டை அறுத்தெடுத்த பிறகுதான் இறங்கியது, கூடவே ஒரு கூடைக் கரியும் என் தலைமேல். வீட்டில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசியில் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியை ஒரு தகடு வெட்டி அடைத்தோம். இல்லாவிட்டால் சூடு பெட்டிக்கு மேலேயே போய்ப் பதுங்கிக்கொள்ளுமாம்.

முதல் சில தடவை சின்னத் தீதான். பெயின்ட் இறுகும்வரை ஒரே நாற்றம், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தன. அப்புறம் ஒருநாள் விறகு போடக் கதவைத் திறந்தேன், குபுகுபுவென்று புகை அறைக்குள் வந்தது. குழாய் அடைத்துக்கொண்டதோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்தால் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது! அது தள்ளுகிற காற்றுக்கு ஈடாக, வீடு புகைபோக்கி வழியாக மூச்சு இழுத்திருக்கிறது. ஃபேனை நிறுத்தி ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன், புகை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது. கூடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஏற்கெனவே இருந்தது. அன்றே படுக்கையறைப் பக்கமும் ஒன்று மாட்டினேன்.

நீறுபூத்த நெருப்பு என்று எத்தனை முறை வாயால் சொல்லியிருப்போம்! அள்ளி வைத்து இரண்டு நாள் ஆன சாம்பலைக் கிளறினேன், உள்ளே ஒரு கங்கு செக்கச்செவேலென்று கண் விழித்தது. இப்போது மூடி போட்ட இரும்பு வாளி, அதுவும் வீட்டுக்கு வெளியே.

சரி, உன் வீட்டுப் பின்னால் விழுந்த மரத்துக்கு வருகிறேன். தருவதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வருஷம் அடுக்கிய விறகு காய்ந்துவிட்டது என்று நம்பி எரித்துப் பட்ட பாடு போதும். சீறிக்கொண்டே கிடந்தது, ஒரே இரவில் கண்ணாடி கறுத்தது. ஈரமானியை வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாற்றும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்தினேன், 31 சதவீதம் காட்டியது. 20க்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு.

அதனால் மரத்தை இப்போதே பிளக்கச் சொல். நீ கோடரியைத் தொடாதே, முழங்கால்! கட்டை 16 அங்குலத்தைத் தாண்டினால் என் பெட்டிக்குள் நுழையாது. தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிடு. ஓரக் கட்டையில் சாக்பீஸால் தேதி எழுதி வை. இரண்டு வருஷம் கழித்து வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் சும்மாவும் ஒருமுறை வருவேன்.

உன் பழைய அறைத்தோழன்