நீ அனுப்பிய லைற்

அன்பு மச்சான்,

பார்சல் வந்து இரண்டு மாதம். நன்றியும் சொல்லாமல் இருக்கிறானே என்று ஜெர்மனியில் இருந்து கறுவிக்கொண்டிருப்பாய். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. சரி, நீ அனுப்பிய சைக்கிள் லைற்றின் கதைக்கு வருகிறேன்.

முதலில் காண்டிலில் பூட்டினேன். கூடைக்குள் கீரைக்கட்டை வைத்ததும் பாதி வெளிச்சம் போய்விட்டது. பிறகு மூளையைப் பாவித்து, கூடையின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அங்கேதான் பிடித்தது சனி. காக்கைதீவில் எதிரே வந்தவன் எல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏசினான். ஜெர்மன் வெளிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு! கல்லுண்டாய் வெளியில் பார்த்தால் வானத்துக்கு வெளிச்சம், முன்ரயருக்கு முன்னால் இருட்டு. நடுறோட்டில் கறுப்பு மாடு ஒன்று படுத்திருந்தது. நான் வாய்க்காலுக்குள். மாடு எழும்பவே இல்லை.

விழுந்த பிறகுதான் விளங்கியது. உங்கள் நாட்டுச் சட்டப்படி, எதிரே வருபவனின் கண்ணில் அடிக்காமல் வெளிச்சத்தின் மேல்பக்கத்தை வெட்டித்தான் அந்த லைற்றைச் செய்திருக்கிறார்கள். கவிழ்த்துப் பூட்டினால் வெட்டு கீழே வந்துவிடும். இதை ஒரு துண்டில் எழுதி அனுப்ப உனக்குக் கை நோகுமோ?

இப்போது கூடையைக் கழற்றிவிட்டேன். அப்பாவின் றலி சைக்கிளில் அந்தக் காலத்து லாம்பு கொழுவுகிற தகடு இன்னும் இருக்கிறதல்லவா, காண்டிலுக்குக் கீழே? அதில் பழைய ரியூப் துண்டைச் சுற்றி இறுக்கினேன், ஆடவில்லை. சுவருக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைற்றின் உயரத்துக்குக் கீழே விழும்படி சரித்தேன். கண்ணுக்குக் கிட்ட லைற் இருந்தால் றோட்டுக் கிடங்கு, குழி எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். கீழே பதிவாக இருந்தால் ஒவ்வொரு கிடங்கும் நிழலை நீட்டி, தான் இருப்பதைச் சொல்லிவிடும். அதற்காக அச்சுக்குக் கிட்ட இறக்கினாலும் பிழை, சில்லின் நிழல் ஒரு பக்கத்தை மறைக்கும்.

90களில், யுத்தத்துக்குள் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில் ரேடியோ கேட்டோமே, ஞாபகமா? பெடலைச் சுற்றியது நான், கேட்டது நீ. அப்போது இரவில் லைற் போடத்தான் பயம். இப்போது மகன் ரியூசன் முடிந்து எட்டு மணிக்கு அதே வெளியால் வருகிறான், கையில் போனை லைற்றாகப் பிடித்துக்கொண்டு. ஒரு கையில் பிறேக் பிடிக்கிறானாம். அவன் வந்து படலை திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இன்னொன்று அனுப்பு. காசு தருகிறேன் என்று சொல்லமாட்டேன், ரேடியோவுக்குப் பெடல் சுற்றிய கடன் இன்னும் இருக்கிறது.

உன்,
வாய்க்கால்காரன்