மேசைக்கு அடியில் ஒரு காணி உறுதி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கதைக் கட்டு போன கிழமை கைக்கு வந்தது. இரண்டு இரவில் வாசித்து முடித்துவிட்டேன். பதில் பிந்தியதற்கு வயல்தான் காரணம், சிறுபோக வெட்டு. இப்போது மிசின் இறங்கினால் அரை நாளில் எங்கள் துண்டு முழுக்க வெட்டி முடிகிறது. அப்பா காலத்தில் சூடடித்த களவெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். களத்துக்குள் நின்று நெல் என்று சொன்னால் அதட்டுவார்கள், 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும். களவெட்டியோடு அந்தச் சொல்லும் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். கதை எனக்குப் பிடித்தது. அந்தக் கிழவியை நீ எழுதியிருக்கும் விதம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் அந்த வளவின் காணி உறுதி, அதுதான் உரிமைப் பத்திரம், கள்ள உறுதி என்ற விஷயத்தைக் கடைசி அத்தியாயம் வரைக்கும் எங்களிடம் மறைத்துவிட்டாயே, அதில்தான் எனக்கு உன்னோடு சண்டை. ஏன் என்று சொல்வதற்கு வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சியின் பிள்ளைகள் மூவரும் லீவுக்கு வந்து நின்றார்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்தபோது வாங்கிய கச்சான் அல்வாவை மூத்தவன் மாப் பேணிக்குள் ஒளித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே நான் அதை எடுத்துச் சீனிப் பேணிக்குள் போட்டேன். "அண்ணா வந்து எதைத் திறப்பான்?" என்று கேட்டேன். மூன்று வயதுக்காரன் உடனே சீனிப் பேணியைக் காட்டினான். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்பது அவன் எண்ணம். ஐந்து வயதுக்காரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாப் பேணி" என்றாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. விம்மர், பேர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் ஒரு சொக்கிலேற்றை வைத்துச் செய்த சோதனை. மூன்று வயதில் பதில் பெரும்பாலும் பிழையாக வரும், நாலு ஐந்து வயதில் பிடிபட்டுவிடும். அடுத்தவனின் மனதில் பிழையான நம்பிக்கை ஒன்று இருக்கலாம் என்பது விளங்க அவ்வளவு காலம் எடுக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. பதில் சொன்ன கையோடு அவள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். தலையில் நீர் சொட்டச் சொட்ட அண்ணன் வந்தான். மாப் பேணியின் மூடியில் அவன் கை பட்டதும் இவளுடைய தோள் இரண்டும் காது வரைக்கும் உயர்ந்தன. தம்பியோ அதே நேரம் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. திகில் கதை பிறக்கிற இடம் இதுதான் மச்சான். அண்ணனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்கொக் சொன்ன மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு நீயும் அறிந்ததுதான். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவனுக்குப் பதினைந்து செக்கன் அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதை முன்பே காட்டிவிட்டால், மேலே இருவர் என்ன கதைத்தாலும் பதினைந்து நிமிடம் நெஞ்சிடிதான். நீ எங்களுக்குத் தந்தது அந்தப் பதினைந்து செக்கனை.

முன்கூட்டியே தெரிந்தால் யார் வாசிப்பான் என்று கேட்பாய். அபிமன்யு சாவான் என்பது தெரியாமலா நாம் விடியவிடியக் கூத்துக் களரியடியில் குந்தியிருந்தோம்? அவன் வியூகத்துக்குள் நுழைகிற ஆட்டம் வரும்போது உன் கை என் தோளை இறுக்கியது எனக்கு இன்றும் ஞாபகம். அவனுக்குத்தான் வெளியே வரும் வழி தெரியாது. எங்களுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்று. உன் கதையில் குண்டு வைத்திருப்பது ஒருவனின் மேசைக்கு அடியில் இல்லை, ஒரு ஊரின் மேசைக்கு அடியில். தத்துவவியலாளர் ஜோன் சேர்ல் 1995இல் சமூக யதார்த்தம் பற்றி எழுதிய புத்தகத்தை இந்த மாதம் திரும்ப எடுத்து வாசித்தேன். மலைக்கும் கடலுக்கும் நம்முடைய சம்மதம் தேவையில்லை. காசு, கலியாணம், காணி உரிமை எல்லாம் நாம் அப்படி ஏற்றுக்கொள்வதால் மட்டுமே நிற்கின்றன என்கிறார். இன்ன இடத்தில் இன்னது இன்னதாகக் கொள்ளப்படும், அவ்வளவுதான். நம் ஊரில் தாய்வழியாக வரும் குடி இருக்கிறதே, அதை எந்தப் பூதக்கண்ணாடியாலும் காணமுடியாது. ஆனால் முதல் நாள் உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மம்மா என் தாயின் குடியைக் கேட்டுவிட்டு, "அப்ப நீ இவனுக்கு மச்சான் முறை" என்றா. அந்த ஒரு சொல்லோடு நான் உங்கள் வீட்டு மனிதனாகிவிட்டேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், இதையே எனக்கு வேறு விதமாகக் காட்டியது. நாவலடியில் எங்கள் வீடு, வேலி, உறுதி மூன்றும் ஒரே காலையில் போயின. உறுதி இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது என்று ஒரு அலுவலகத்தில் மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். வெறும் மணலில் அம்மாவும் பக்கத்து வளவு ஆச்சியும் நின்று, "இதில் உங்கட பூவரசு, அதில் எங்கட கிணறு" என்று காலால் கோடு கீறினார்கள். அந்தக் கோட்டில்தான் பிறகு வேலி போட்டோம். காகிதம் இருந்த காலத்திலும் அந்தக் காணியைக் காணியாக வைத்திருந்தது இந்த இரண்டு பேரின் தலைக்குள் இருந்ததுதான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

ஆகவே உறுதி கள்ளமானது என்பதை முதல் அத்தியாயத்திலேயே எங்களுக்குச் சொல்லிவிடு. கிழவிக்கும் அது தெரியும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் காட்டு. அப்புறம் ஊர் தன்பாட்டில் கலியாணம் பேசட்டும், சீதனமாக அந்த வளவை எழுதட்டும், வேலி கட்டட்டும். வேலிக்கு ஊன்றும் ஒவ்வொரு கதியாலுக்கும் எங்கள் தோள் உயரும். கிழவி வாய் திறந்தால் போவது ஒரு வளவு மட்டுமில்லை. நாற்பது வருடமாக ஒருவரையொருவர் எப்படி அழைத்தார்களோ அந்த முறையும் சேர்ந்து போகும்.

அம்மா சுகமாக இருக்கிறா, மறதிதான் கூடிக்கொண்டு வருகிறது. நேற்று என்னைப் பார்த்து மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. பின்னேரம் பக்கத்தில் இருந்து, நாவலடியில் பூவரசு எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டேன். யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினா. பக்கத்து வளவு ஆச்சி போய் இரண்டு வருடமாகிறது.

கதையைத் திருத்தியதும் அனுப்பு. அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், கெதியாக எழுது.

அன்புடன்,
உன் மச்சான்