தம்பி, அந்த ஊர்வலக் காட்சியை வெட்டிவிடு

அன்புள்ள தம்பி,

திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல்முறை பஸ்ஸில், இரண்டாம்முறை கையில் பேனாவோடு. மூன்று பழைய தோழர்கள், ஒரு துக்க வீடு, பரணில் ஒரு பெட்டி நிறைய துண்டறிக்கைகள். தொடக்கம் நன்றாக இருக்கிறது. சர்க்கரை போடாத டீ வரும்வரை ஒருவர் புரட்சியைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்திவைக்கிறாரே, அங்கே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் 31ஆம் பக்கத்து ஊர்வலம்? பழைய காலத்து உடுப்பில் இருநூறு பேர், தடியடி, கண்ணீர்ப்புகை. அதற்குத்தான் யாரும் பணம் தர மாட்டேன் என்கிறார்கள் என்று அன்றைக்குப் போனில் அரைமணி நேரம் புலம்பினாய். பதிலைப் பொதுவில் எழுதுகிறேன், இதே புலம்பலை வேறு நாலு பேரிடமும் கேட்டிருக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஜான் சேல்ஸ் இயக்கி 1980இல் திரைக்கு வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி சீகாகஸ் செவன்’ படத்தைத் தேடிப் பார். நான் முதல் தடவை பார்த்தபோது இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 16 எம்.எம். என்ற சின்ன ஃபிலிமில் எடுத்துப் பெரிதாக்கிய படம், கொஞ்சம் மங்கல்தான். யாருக்கு யார் என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த தடவை ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம்தான் படம் திறந்துகொண்டது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வியட்நாம் போரை எதிர்த்து ஒன்றாகத் திரிந்தவர்கள், பத்து வருடம் கழித்து ஒரு வாரக்கடைசியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். வீட்டுக்காரர்களான மைக்கும் கேட்டியும் பள்ளி ஆசிரியர்கள். ஐரீன் ஒரு செனட்டரிடம் வேலை பார்க்கிறாள். ஃபிரான்சிஸ் மருத்துவம் படிக்கிறாள். ஜே.டி. இன்னும் கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். ஜெஃபும் மோராவும் அப்போதுதான் பிரிந்திருக்கிறார்கள், அது எல்லோருக்கும் சங்கடம். ‘வயதான’ புரட்சியாளர்கள் என்றாலும் எல்லோருக்கும் முப்பதை ஒட்டித்தான் வயது! உன் தோழர்களுக்கு எழுபது. அவர்கள் இதைப் பார்த்தால் அதுவே ஒரு நகைச்சுவைக் காட்சி.

தலைப்பிலேயே கேலி இருக்கிறது. 1968இல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டை ஒட்டி நடந்த போராட்டத்துக்காக அடுத்த ஆண்டு வழக்கு விசாரணையைச் சந்தித்தவர்கள் ‘சிகாகோ செவன்’. உலகமே அறிந்த பெயர். இந்தப் படத்து ஆட்களோ, வாஷிங்டன் ஆர்ப்பாட்டத்துக்குக் காரில் கிளம்பி, வழியில் நியூ ஜெர்சியில் சீகாகஸ் என்ற ஊரில் போலீஸிடம் மாட்டிக்கொண்டவர்கள். ஒருகாலத்தில் பன்றிப் பண்ணைகளின் நாற்றத்துக்குப் பேர்போன ஊர் அது. டெல்லிக்குக் கிளம்பிச் செங்கல்பட்டில் பிடிபட்ட மாதிரி வைத்துக்கொள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டு சிரிப்பவர்களும் அவர்களேதான். இதைக் கவனி.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 டாலர். அமெரிக்கக் கணக்கில் அன்றைக்கும் அது சில்லறைக் காசு. ரோஜர் கோர்மன் என்ற தயாரிப்பாளருக்கு, ஆளைத் தின்னும் பிரான்யா மீன்களை வைத்து ஒரு பயமுறுத்தும் படம், அது இது என்று எழுதிக்கொடுத்துச் சேர்த்த பணத்தைத்தான் சேல்ஸ் இதில் போட்டார். (நீ விளம்பரத்துக்கு வசனம் எழுதுவதைப் பற்றி இனி வெட்கப்பட வேண்டாம்.) கையில் என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்தார். அதே நியூ ஹாம்ஷயரில் நார்த் கான்வே என்ற ஊர்ப் பக்கம் கோடைக்கால நாடகக் குழுவில் பழகிய நடிகர்கள் இருந்தார்கள், நடிகர் சங்கத்தில் சேராதவர்கள், முப்பது வயதுக்காரர்கள். அதனால் முப்பது வயதாகிறவர்களைப் பற்றிய கதை எழுதினார். கேமராவை நகர்த்தி எடுக்க வசதி இல்லை. அதனால் கதையில் நிறைய ஆட்களை வைத்தார், நிற்கிற கேமராவிலிருந்து ஒருவர் முகத்துக்கும் அடுத்தவர் முகத்துக்கும் வெட்டி வெட்டிப் போகலாம் அல்லவா? படத்தொகுப்பும் அவரே. கேட்டியாக நடித்த மேகி ரென்சி பின்னாளில் அவருடைய படங்களின் தயாரிப்பாளர். இசை போட்ட மேசன் டேரிங் வக்கீல். ஊர் பெட்ரோல் பங்க் மெக்கானிக்காக வரும் டேவிட் ஸ்ட்ராத்தேர்ன் பல வருடம் கழித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

இப்போது உன் 31ஆம் பக்கம். இந்தப் படத்தில் ஒரு ஊர்வலம்கூடக் கிடையாது. பின்னோக்கிப் போகிற காட்சியே இல்லை. பழைய கதை முழுவதும் பேச்சில்தான் வருகிறது, அதுவும் வெளியாள் ஒருவன் கேட்பதால். ஐரீனோடு வந்திருக்கும் சிப் என்ற பையனுக்கு இந்தக் கூட்டம் புதிது. யார் யாரோடு இருந்தார்கள், எப்போது பிரிந்தார்கள் என்று அவனுக்குச் சொல்கிற சாக்கில் நமக்கும் சொல்லிவிடுகிறார்கள். உன் கதையில் அந்தப் பேத்தி ஆறு வரி பேசிவிட்டுக் காணாமல் போகிறாள். அவளைக் கடைசி வரை கூடத்திலேயே உட்கார வை.

ஓர் இரவு மதுக்கடையிலிருந்து திரும்பும்போது சாலையில் ஒரு மான் செத்துக் கிடக்கிறது. கொன்றது இவர்கள்தான் என்று நினைத்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. அரசாங்கத்தையே எதிர்த்துக் கைதானவர்கள், பத்து வருடம் கழித்து ஒரு மானுக்காக உள்ளே உட்கார்ந்து தங்கள் பழைய கைதுகளைக் கணக்கெடுக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கேயும் இயக்குநர் அவர்களைப் பார்த்து ‘முட்டாள்களே’ என்று சொல்லவில்லை. உன் திரைக்கதையில் இரண்டு இடங்களில் நீ சொல்கிறாய். பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். தோழர் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிப்பது சுலபமான சிரிப்பு, அது வேண்டாம். டீக்காகக் காத்திருப்பது அவருடைய சிரிப்பு, அது இருக்கட்டும்.

முடிவுப் பக்கம் ஜெஃப் தனியாக விறகு பிளக்கிறான். மோரா போய்விட்டாள். பேச்சில்லை. கோடரி இறங்குகிறது, கட்டை பிளக்கிறது, அடுத்த கட்டை. அடுப்புக்குத் தேவையான அளவு எப்போதோ முடிந்துவிட்டது, அவன் நிறுத்தவில்லை. போராட்டம் போய்விட்ட பிறகு அந்த உடம்பில் மிச்சமிருக்கிற வேகத்தைக் காட்ட ஒரு கோடரி போதுமானதாக இருந்திருக்கிறது.

1983இல் இதே மாதிரி நண்பர்கள் கூடுகிற ‘தி பிக் சில்’ பெரிய பணத்தோடு வந்தது, ஓடியது. நல்ல படம்தான். எனக்கு அதில் பாட்டுகள் நினைவிருக்கின்றன. சேல்ஸ் படத்தில் ஆட்கள் நினைவிருக்கிறார்கள். 1997இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேல்ஸ் படத்தைச் சேர்த்தார்கள்.

துக்க வீட்டுக்கு வாடகை அதிகம் கேட்கிறார்கள் என்றாயே. எங்கள் பழைய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கூடம், முற்றம், திண்ணை எல்லாம் இருக்கிறது. பரணும் இருக்கிறது, ஏறும்போது மூன்றாவது படியில் காலை வைக்காதே. மோட்டார் ஓடாது, தண்ணீர் வெளியிலிருந்து வாங்க வேண்டும். சாவி உன் அண்ணியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
அண்ணன்