ஈவி1 மின்காரின் விளக்கப் பலகையில் ஆலன் கொக்கோனியின் பெயர் இடம்பெற வேண்டும்: ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நீங்கள் தயாரித்த ஈவி1 மின்காரின் வரலாற்றை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் அந்தக் காரைக் கண்டேன். அருகிலிருந்த விளக்கப் பலகையில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் இருந்தன. அந்தக் காருக்கு முன்னோடியான மாதிரியின் மின்னணுவியலை வடிவமைத்த பொறியாளர் ஆலன் கொக்கோனியின் பெயர் இல்லை. மின்னணுவியல் கற்பிக்கும் எனக்கு அது பொறுக்கவில்லை.

1987-இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடந்த பந்தயத்தில் வென்ற உங்கள் சன்ரேசர் சூரியக் காரிலேயே அவருடைய உழைப்பு இருந்தது. 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் நீங்கள் காட்சிக்கு வைத்த இம்பாக்ட் காரில், பேட்டரியின் நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக்கி மோட்டாரைச் சுழற்றிய இன்வெர்ட்டரும் அவர் வடிவமைத்ததே. பிரேக் பிடித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராகி, வீணாகவிருந்த ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். இன்றைய மின்கார்கள் அனைத்தும் செய்வது இதைத்தான்.

இம்பாக்டின் வழிவந்த ஈவி1 கார்களை, 1,117 தயாரித்தும், ஒன்றைக்கூட விற்காமல் குத்தகைக்கு மட்டுமே கொடுத்தீர்கள். பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கினீர்கள். 2005-இல் கலிபோர்னியாவின் பர்பேங்கில் எஞ்சியிருந்த 78 கார்களுக்குத் தலா 24,000 டாலர் தருவதாகச் சொல்லி, முன்பு அவற்றை ஓட்டியவர்கள் வேலிக்கு வெளியே இரவும் பகலும் காத்து நின்றார்கள். உதிரிபாகங்கள் கிடைக்காது என்று நீங்கள் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்லூரிகளுக்கு வழங்கிய கார்களையும் முடக்கி, சாலையில் ஓட்டக் கூடாதென நிபந்தனை விதித்தது எதற்காக? மோட்டார் எப்படி ஓடியது என்று கேட்கும் மாணவனுக்கு, ஓடாத மோட்டாரைக் காட்டி ஆசிரியர் என்ன விளக்குவார்?

கொக்கோனி சோர்ந்துவிடவில்லை. ஏசி புரொபல்ஷன் நிறுவனத்தைத் தொடங்கி, டிசீரோ என்ற மின்காரை உருவாக்கினார். டெஸ்லாவின் தொடக்கத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது அந்தக் கார்தான். மோட்டார் தொழிலின் வரலாறு எங்கும் தலைவர்களின் பெயர்களாலேயே எழுதப்படுகிறது. இரவு முழுவதும் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. இந்த அநீதியை உங்களால் ஓரளவேனும் சரிசெய்ய முடியும்.

ஆகவே, எஞ்சியுள்ள ஒவ்வோர் ஈவி1 காரின் பலகையிலும் கொக்கோனியின் பெயரையும், அவரோடு உழைத்த பொறியாளர்களின் பெயர்களையும் பொறிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிகளில் உள்ளவற்றை, வளாகத்துக்குள்ளேனும், மீண்டும் இயக்கிக் காட்ட எழுத்துமூலம் அனுமதி வழங்குங்கள். பெயர்களைப் பொறிப்பதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. முதலில் அதையாவது செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர்