கார்லைல் பையன்கள் தோற்ற வருஷம்

மெக்கானிக்ஸ்பர்க், பென்சில்வேனியா
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குளிர் வந்துவிட்டது, மேப்பிள் இலைகள் சிவந்து கொட்டுகின்றன. இது இவர்களுடைய ஃபுட்பால் காலம். வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் மைதானத்தில் விளக்குப் போட்டால் ஊரே அங்கேதான். போனில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர், நீள்வட்டத் தோல் பந்து. நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பார்கள். இத்தனை வருஷம் கபடி சொல்லிக்கொடுத்த உங்களுக்கு ஒரே ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

சரி, எழுத நினைத்தது கார்லைலைப் பற்றி. இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1879-ல் அங்கிருந்த பழைய ராணுவக் குடியிருப்பில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. தூரத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். முதல் வேலையாக முடியை வெட்டினார்கள், சொந்த மொழியில் பேசினால் தண்டித்தார்கள். நோயில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. 2017-லிருந்துதான் ஒவ்வொருவராகத் தோண்டியெடுத்துச் சொந்த மண்ணுக்கு அனுப்பிவருகிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பள்ளியின் அணி பெரிய பெரிய கல்லூரிகளோடு மோதியது. 1911-ல் ஹார்வர்டை 18-15 என்று ஜெயித்தார்கள். 1912-ல் ராணுவக் கல்லூரியை 27-6 என்று அடித்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அன்று எதிரணியில் ஆடினார். அதே வருஷம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப் இந்தப் பையன்களில் ஒருவர். இந்தப் பக்கம் யாரிடம் கார்லைல் என்று சொன்னாலும் தோர்ப்பைத்தான் சொல்வார்கள்.

எனக்கு மனசில் நிற்பது 1914. முந்தைய வருஷம் ஒரே ஒரு ஆட்டம் தோற்ற அணி, அந்த வருஷம் ஜெயித்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டங்களைத் தோற்றது. சிகாகோவில் நோட்ரடாம் பல்கலைக்கழக அணி 48-6 என்று நொறுக்கியது. அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். அணியின் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற பையன், பள்ளியில் நடப்பதை விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி, இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். 1914 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. சாப்பாடு போதவில்லை, பேண்ட் மாஸ்டர் ஒரு பெண்ணை அடித்தார், ஃபுட்பால் டிக்கெட் பணம் தனிக் கணக்கில் போய் எப்படியெல்லாமோ செலவாகிறது என்று எல்லாம் வெளியே வந்தது. பெயர்பெற்ற கோச் பாப் வார்னரைப் பற்றி வெல்ச் எதையும் மறைக்காமல் சாட்சி சொன்னார். தன்னை ஆட்டக்காரனாக்கியவரைப் பற்றி, அப்பா! அப்புறம் அதே கோச்சின் கீழே அந்த சீசனையும் ஆடினார். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் ஹார்வர்டை ஜெயித்தது எனக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது.

பள்ளியை நடத்திய சூப்பரின்டென்டென்ட் பதவி இழந்தார். வார்னர் சீசன் முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்த அதிகாரி ஃபுட்பாலைக் குறைத்துப் படிப்பைப் பார்க்கச் சொன்னார். நல்ல ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், அணி தேறவே இல்லை. 1917-ல் ஜார்ஜியா டெக் கல்லூரி 98-0 என்று ஜெயித்தது. மறு வருஷம் பள்ளியையே மூடி, போரில் காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாக்கினார்கள். வெல்ச் பின்னாளில் வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரிக்குக் கோச்சானார்.

அவர்கள் ஆடிய மைதானம் இன்னும் இருக்கிறது. இப்போது அது ராணுவ வளாகம், உள்ளே போக பாஸ் வேண்டும். அடுத்த மாதம் கேட்டுப் பார்க்கிறேன். படம் எடுக்க விட்டால் அனுப்புகிறேன்; உங்கள் பழைய கபடிப் பையன்கள் வீட்டுக்கு வரும்போது வெல்ச் கதையையும் சொல்லுங்கள்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

உங்கள் அன்பு மகன்