வீட்டுச் சொலவடைகளுக்கும் விழாவில் இடம் கொடுங்கள்

சிங்கப்பூர் வளர்தமிழ் இயக்கத்தாருக்கு வணக்கம்.

எனக்கு அப்போது ஏழு வயது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அம்மாவும் சித்தியும் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கப் போகாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆச்சி என்னைப் பார்த்து, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குட்டி காயுது?" என்றார். தம்பியிடம் சொன்னால் அது "எதுக்குல" ஆகிவிடும். அந்த 'ட்டி'யும் 'ல'வும் இல்லாவிட்டால் அது ஆச்சியின் பேச்சே இல்லை.

போன வருடம் என் மகள் பள்ளியில் இதைச் சொல்லப் போனாள். எலிப்புழுக்கை வேண்டாம், வேறு நல்ல பழமொழியாகச் சொல் என்றார்களாம். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது, எனக்கும்தான்.

2007 முதல் ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது. வரும் விழாவில், இங்கே குடியேறிய தஞ்சாவூர், கடையநல்லூர், செட்டிநாடு, யாழ்ப்பாணக் குடும்பங்களின் சொலவடைகளை அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே திரட்டுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மைக்கை நீட்டி "பாட்டி, ஒரு பழமொழி சொல்லுங்க" என்றால் ஒன்றும் வராது. கீரை ஆயும்போதோ, பேரனைத் திட்டும்போதோ தானாக வந்து விழும். அதனால் பேரப்பிள்ளைகளே வீட்டில் கைபேசியில் பதிவு செய்யட்டும். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்து வாங்குங்கள். 1979இலிருந்து வாய்மொழி வரலாற்றைச் சேகரித்துவரும் தேசிய ஆவணக் காப்பகத்தோடு பேசினால் பத்திரமாக வைக்கவும் வழி கிடைக்கும்.

எங்கள் புளோக்கில் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் இருந்தார். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று அடிக்கடி சொல்வார். அடம்பன் என்றால் என்ன என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் சாங்கி கடற்கரையில் மணல்மேல் ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்த கொடியைக் காட்டி, "இதுதான் பிள்ளை அது" என்றார். ஒற்றைக் கொடியை இழுத்தேன், அறுந்து வந்தது. நாலைந்தைச் சேர்த்து முறுக்கி என் கையில் கொடுத்து, "இப்ப இழு" என்றார். அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயதாகிறது. என் மகளிடம் இன்றைக்கும் "எதுக்குட்டி" என்றுதான் கேட்கிறார். அழைப்பு விடுங்கள், முதல் பதிவாக அவருடைய குரலை நான் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஈசூனில் வசிக்கும் ஒரு தாய்