டெரோசார் சிறகடித்தே பறந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் இணைப்பில், டைனோசர் காலத்தில் வாழ்ந்த இறக்கையுள்ள ஊர்வனவான டெரோசார்கள் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள்வயிற்றுப் பேத்தி அதைப் படித்துவிட்டு, "அப்பிச்சி, இதுக்கு ரெக்கை இருந்தும் பறக்கத் தெரியாதாமா? மலை உச்சியில ஏறிக் காத்துல குதிக்குமாம், அவ்வளவுதானாமா?" என்று கேட்டாள். எனக்கு மனசு சங்கடப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவன் நான். ஆரம்பத்தில் நானும் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்குக் கையில் கிடைத்த புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. பிறகு வந்த ஆய்வுகளைப் படித்து மாற்றிக்கொண்டேன். அந்தப் பழைய கருத்து இன்றும் அச்சேறி ஒரு குழந்தையின் கைக்கு வருவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

சிறகடிக்காமல் காற்றில் சறுக்கிப் போகும் பிராணி எப்படி இருக்கும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனைமலைக் காட்டில் பறக்கும் ஓணான் உண்டு. ஓணானை எங்கள் ஊரில் ஒடக்கான் என்போம். டாப்சிலிப்புக்கு மாணவர்களைக் கூட்டிப்போனபோது, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அது போவதைப் பார்த்திருக்கிறோம். நீண்ட விலா எலும்புகள் தோலைக் குடைபோல விரித்துப் பிடிக்கின்றன. கிளம்பிய உயரத்தைவிடக் கீழேதான் போய் ஒட்டும். அதன் தோளையும் கையையும் பார்த்தால் சாதாரண ஒடக்கானுடையவைதான். காற்றை அடித்துத் தள்ளும் வேலை அவற்றுக்கு இல்லை.

டெரோசாரின் எலும்புக்கூடு அப்படியா இருக்கிறது? இறக்கைச் சவ்வைத் தாங்குவது கைதான். அதில் நான்காவது விரல் மட்டும் உடம்பைவிட நீளமாக வளர்ந்திருக்கிறது. மேல்கை எலும்பின் தோள் பக்கத்தில் பெரிய முகடு ஒன்று புடைத்து நிற்கிறது. நெஞ்சுத் தசை வந்து பிடிக்கும் இடம் அது. அவ்வளவு பெரிய தசை சும்மா விரித்துப் பிடிக்க எதற்கு? கோழி அறுத்தவர்களுக்கு நெஞ்சு நடுவே இருக்கும் கத்தி எலும்பு தெரியும். டெரோசாருக்கு அது கோழிபோல ஆழமாக இல்லை என்பதைக் காட்டித்தான், அதற்குப் பறக்கும் பலம் இல்லை என்று முன்பு சிலர் வாதிட்டார்கள். ஆனால் அதன் நெஞ்செலும்பு அகன்ற தட்டாக, முன்பக்கம் முகட்டோடு இருக்கிறது. தசைக்கு இடம் குறையவில்லை. பெரிய வகைகளில் தோள்பட்டை நேரே முதுகெலும்பில் போய் முட்டுகிறது. அந்த இடத்து முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட்டிருக்கின்றன. சிறகை அடித்து அடித்து இறக்கும் உடம்புக்குத்தான் இந்த முட்டுக்கொடுப்பு தேவை.

எலும்புகளோ பப்பாளித் தண்டு மாதிரி. மெல்லிய சுவர், உள்ளே காற்று.

முதல் டெரோசாரைப் பற்றி 1784-ல் எழுதியவர் கோசிமோ கொலினி. ஒரு காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரிடம் செயலாளராக இருந்தவர். ஜெர்மனியின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த அந்தப் பிராணி என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை, கடலில் வாழ்ந்ததாக இருக்கலாம் என்று நினைத்தார். அது பறக்கும் ஊர்வன என்று 1801-ல் சரியாகச் சொன்னவர் பிரான்சின் விலங்கியல் அறிஞர் குவியே.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பிரான்சின் கிரேசாக்கில் கிடைத்த காலடித் தடம். ஜுராசிக் காலக் கடலோரச் சேற்றில் ஒரு டெரோசார் வந்து இறங்கிய தடம் அது. 2009-ல் விவரித்தார்கள். முதலில் இரண்டு பின்னங்கால்களும் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. விரல் நுனி கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. பிறகு சின்னதாக ஒரு துள்ளல், அதற்கப்புறம்தான் கைகளை ஊன்றி நாலு காலில் நடந்திருக்கிறது. வந்த வேகத்தில் மோதி விழவில்லை. இறங்கும் முன்பே காற்றில் வேகத்தைக் கொன்று, காலை நீட்டி, பறவையைப் போல இறங்கியிருக்கிறது.

தரையிலிருந்து எழும்புவது எப்படி என்பதுதான் கட்டுரையாளரின் பெரிய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். எங்கள் மக்காச்சோளக் காட்டில் நாய் துரத்தினால் மயில் காலால் உந்தி, படபடவென்று அடித்து எழும்பும். பறவைகளின் வழி அது. எழும்பிய பிறகு கால் வெறும் சுமை. டெரோசார் நாலு காலில் நின்று, பலம் மிகுந்த முன்னங்கைகளால் தரையை உந்தி எழும்பியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் மைக்கேல் ஹபீப் 2008-ல் விளக்கினார். பறக்கும் தசையே எழும்பவும் உதவுகிறது. தென் அமெரிக்காவின் ரத்தம் குடிக்கும் வௌவால் இன்றும் தரையிலிருந்து இப்படித்தான் கிளம்புகிறது. இதற்கு மலை உச்சி தேவையில்லை.

டெக்சாஸில் 1971-ல் கிடைத்த குவெட்சல்கோட்லஸ் என்ற மிகப் பெரிய டெரோசார் விஷயத்தில் மட்டும் வாதம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இறக்கை விரிவு 10 மீட்டருக்கு மேல், ஒரு டவுன் பஸ் நீளம். எடை 200 முதல் 250 கிலோ என்று இன்று பலரும் கணக்கிடுகிறார்கள், ஒரு காங்கேயம் கிடாரியின் எடை. 2010-ல் ஓர் ஆய்வாளர் 544 கிலோ என்று கணக்கிட்டு, அது பறந்திருக்காது என்றார். அதே ஆண்டில் ஹபீபும் மார்க் விட்டனும் எலும்பின் பலத்தைக் காட்டி அதை மறுத்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் சரியாகப் படுகிறது. நடந்தே திரிந்த பிராணிக்கு அவ்வளவு பலமான மேல்கை எதற்கு? அது நெடுந்தூரம் மிதந்ததா, கானமயில்போலக் கொஞ்ச தூரம் மட்டும் பறந்ததா என்பது வேறு கேள்வி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மொத்தக் கூட்டத்துக்கும் பறக்கத் தெரியாது என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

மிதப்பதும் குறை இல்லை. ஆடிக் காற்றில், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அது அடித்து வரும்போது, உடுமலை வானத்தில் பருந்துகள் சிறகை அசைக்காமல் நிற்கும். அதைப் பார்த்து, பருந்துக்குச் சிறகடிக்கத் தெரியாது என்று யாராவது சொல்வோமா? ஜோர்டானில் கிடைத்த இரண்டு டெரோசார்களின் எலும்பு உட்புறத்தை 2024-ல் ஒப்பிட்டார்கள். பெரியதில் கழுகு எலும்பில் இருப்பது போன்ற சுருள் வரிகள், சிறியதில் சிறகடிக்கும் பறவைகளுக்கு உள்ளது போன்ற குறுக்குத் தாங்கிகள். பெரியது அதிகம் மிதந்திருக்கும், சிறியது அதிகம் அடித்திருக்கும் என்கிறார்கள்.

அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பறவைகளுக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே வானத்துக்குப் போன முதுகெலும்புள்ள பிராணி இது. கூடவே "பறக்கும் டைனோசர்" என்ற தலைப்பையும் மாற்றிவிடுங்கள். டெரோசார் டைனோசருக்கு நெருங்கிய உறவு, டைனோசர் அல்ல. படத்தில் வௌவாலுக்குப் போல எல்லா விரல்களையும் சவ்வுக்குள் நீட்டி வரைந்திருக்கிறார் ஓவியர். சவ்வில் போக வேண்டியது நான்காவது விரல் ஒன்றுதான், மற்ற மூன்றும் நகத்தோடு வெளியே இருக்க வேண்டும். பேத்தி அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்ட வைத்திருந்தாள். சரியான படம் வரட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
உடுமலைப்பேட்டை